பேட்டரியக்கா

அவருடைய முழங்கைக்குக் கீழே ஆசிட் தெறித்ததை நான்தான் முதலில் பார்த்தேன். அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. கையிலிருந்த கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு உயர்த்தி, உள்ளே மிதந்த மிதவை எந்த நிறத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, கை! கையப் பாருங்க" என்று பதறினேன்.

குழாயில் உறிஞ்சியதை மறுபடி பேட்டரிக்குள் விட்டு, மூடியைத் திருகிய பிறகுதான் கையைப் பார்த்தார். பக்கத்தில் சோடா உப்பு கரைத்த தண்ணீர் ஒரு டப்பாவில் இருந்தது. கையை அதில் முக்கினார். நுரைத்து அடங்கியது.

"செவப்புல நிக்கிது தம்பி. சுத்தமா எறங்கிப் போச்சு. ரெண்டு நாள் போட்டாத்தான் ஏறும்" என்றார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கேரளத்து ஏலமலையில், சாந்தன்பாறைக்கு மேலே ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ரோட்டோரம் கரண்டு வந்திருந்தது, தோட்டங்களுக்குள் வரவில்லை. ஜீப், ரேடியோ, கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, எங்கள் டிஸ்பென்சரியில் தையல் போடும் மேசைக்கு மேலிருந்த சின்ன விளக்கு, எல்லாமே பேட்டரியில்தான் ஓடின. எல்லா பேட்டரிகளும் ரோட்டு வளைவிலிருந்த அந்தத் தகரக் கடைக்கு வந்தாக வேண்டும். கடை அவருடைய கணவருடையது. கணவர் தோட்டம் தோட்டமாகப் போய் பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு வருவார், மாட்டிக் கொடுப்பார். மீதி வேலை முழுவதும் மனைவி. டிஸ்பென்சரிச் சீட்டில் அவர் பெயரை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் பேட்டரியக்கா.

நான் கிழக்குப் பாலக்காட்டுக்காரன். சித்தூருக்குக் கிழக்கே நிலக்கடலையும் பருத்தியும் போடும் குடும்பம். கல்லூரியில் ஒரு வருடம் படித்து, வேதியியலில் தோற்று, அப்புறம் கம்பவுண்டர் படிப்புக்கு வந்தவன். அக்காவின் கடையில் நடந்ததெல்லாம் நான் தோற்ற பாடம்தான். ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம். ஒன்று எலக்ட்ரானை விடுகிறது, இன்னொன்று வாங்கிக்கொள்கிறது. பரீட்சைத் தாளில் அதைச் சமன்பாடாக எழுதச் சொன்னார்கள். எனக்கு ஒரு பக்கம் சரியாக வந்தால் மறுபக்கம் உதைக்கும்.

கடையை ஒட்டியே வீடு, பின்னால் ஒரு முற்றம். செத்த பேட்டரிகளை அங்கே பிரித்துப் போடுவார்கள். தட்டுகளிலிருந்து சுரண்டிய மண்ணை வறுத்து, கரித்தூளோடு குழியில் போட்டுத் துருத்தியால் ஊதுவார் அக்கா. கொஞ்ச நேரத்தில் ஈயம் உருகிக் குழியின் அடியில் பளபளவென்று சேரும். அதைக் கரண்டியில் மொண்டு அச்சில் ஊற்றினால் வலைபோலக் கட்டம் கட்டமாகப் புதுத் தட்டு வரும். சிவப்பு ஈயப் பொடியையும், மிருதாரசிங்கி என்ற மஞ்சள் ஈயப் பொடியையும் ஆசிட் தண்ணீரில் பிசைந்து, அந்தக் கட்டங்களில் உள்ளங்கையால் அழுத்தி அப்புவார்.

"இரும்ப இப்பிடிக் கரியப் போட்டு எடுக்க முடியாதுங்கக்கா. அதுக்குப் பெரிய உலை வேணுமுங்க" என்றேன் ஒருநாள், தெரிந்ததைக் காட்டிக்கொள்ள.

"ஈயம் சீக்கிரம் விட்டுரும் தம்பி. கொஞ்சம் சூடு காமிச்சாப் போதும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் எங்கள் விரிவுரையாளர் இரண்டு வாரம் கரும்பலகையில் போட்டார். எந்த உலோகம் ஆக்சிஜனை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது, எந்த வெப்பத்தில் அதைக் கரியிடம் விட்டுக்கொடுக்கும் என்று ஏறியும் இறங்கியும் ஓடும் கோடுகள்.

அப்பிய தட்டுகள் காய்ந்தபின் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும். ஆசிட் தொட்டியில் எதிரெதிரே நிறுத்திக் கரண்டு கொடுத்தால் ஒரு வரிசை கரும்பழுப்பாக மாறும், எதிர்வரிசை சாம்பல் நிறமாகும்.

"மாவு ஒரே மாவுதான்" என்பார் அக்கா. "நிக்கிற பக்கந்தான் வேற. ரெண்டும் வேற வேறயா இருக்கிற வரைக்கும் லைட்டு எரியும். எரிய எரிய ரெண்டும் வெளுத்துக்கிட்டே வரும். ஒண்ணுபோல வெளுத்துட்டா முடிஞ்சுது."

"முடிஞ்சா மறுபடி ஏத்திக்கலாமுங்களே."

"உடனே ஏத்துனா வரும். அப்பிடியே போட்டு வச்சிருந்தா அந்த வெள்ளை இறுகிரும். அப்பறம் என்னா ஏத்துனாலும் சூடுதான் ஆகும், ஏறாது."

படிக்கத் தெரியாதவர். கண்ணாடிக் குழாயின் சிவப்பு, வெள்ளை, பச்சைப் பட்டைகளை மட்டும் படிப்பார். நான் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவது அவருக்கு வேடிக்கை. "ஆசிட்டுங்க, தண்ணீங்க, பேட்டரிங்க" என்று ஒருமுறை என்னைப்போலவே பேசிக் காட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

பதற்றம் என்பதே அவருக்குக் கிடையாது. ஒருநாள் கடைக்குள் ஏறிக்கொண்டிருந்த பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் பீடி பற்றவைத்தார். ஏறும்போது பேட்டரியிலிருந்து வாயு வரும்; தீ பட்டால் வெடிக்கும். வெடித்தது. மூடி கூரைத் தகரத்தில் போய் அடித்தது. டிரைவர் ரோட்டுக்கு ஓடினார். நான் அவருக்கு முன்னால் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தபோது அக்கா சுவிட்சை அணைத்துவிட்டு, குனிந்து மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். புடவையில் சல்லடைபோல ஓட்டைகள். "மூடி எந்தப் பக்கம் போச்சு, பாத்தீகளா?" என்று எங்களைக் கேட்டார்.

அந்த டிரைவர்தான் அன்றைக்கு என்னிடம் சொன்னார். "அது கல்லு, கம்பவுண்டரே. மூணு புள்ள போச்சு. ரெண்டு வயித்துலயே போச்சு. ஒண்ணு பொறந்து ஒம்பது நாள் இருந்துச்சு. பதினோராம் நாள் கடைக்கு வந்து ஒக்காந்துருச்சு. ஒரு பொட்டு கண்ணீர் கெடையாது."

எனக்கு அது கேட்கச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் அந்த வார்த்தை மனதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் கல் என்றே பார்த்தேன். இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கணவர் கெட்டவர் இல்லை. குரல் உயர்த்திப் பேசமாட்டார். குழந்தை இல்லாத வீடு அவருக்குப் பாரமாக இருந்தது. போடிப் பக்கம் இருந்த அவருடைய அக்காள் மகளை இரண்டாவதாகக் கட்டிக்கொள்ளச் சொன்னது பேட்டரியக்காவேதான் என்றார்கள். பெண் பார்க்கவும் அவர்தான் போனார். கல்யாணத்தன்று காலையில் டிஸ்பென்சரிக்கு வந்து நின்றார்.

"வயித்துவலி மருந்து தீந்துருச்சு தம்பி."

"இன்னிக்குமாங்கக்கா?"

"இன்னைக்கும்தான் வலிக்குது."

ரோஸ் நிற மிக்சரைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தேன். அதை மொத்தம் ஒன்றரை வருடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொப்புளைச் சுற்றி முறுக்கும் வலி, நாள்கணக்கில் மலச்சிக்கல், வெளுத்த முகம். மலைக்காற்று, பட்டினி, அல்சர் என்று நானே எதையாவது சொல்லி மிக்சரை ஊற்றினேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று நோயாளியைக் கேட்க வேண்டும் என்பது கம்பவுண்டர் படிப்பின் முதல் பாடம். அவரை நான் கேட்கவே வேண்டியதில்லை. எல்லாம் தெரியும். முற்றத்தில் நின்று துருத்தி ஊதுவதைப் பார்த்துக்கொண்டு நிலக்கடலை கொறித்திருக்கிறேன்.

மாதம் இரண்டு முறை வருகிற டாக்டர் கோட்டயம் பக்கத்துக்காரர். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். ஒருநாள் அக்கா வரிசையில் நின்றபோது அவரே கூப்பிட்டு உட்காரவைத்தார். கையை நீட்டச் சொன்னார். வலது மணிக்கட்டு நிமிரவில்லை. கை தளர்ந்து கீழே தொங்கியது. உதட்டை விலக்கிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"இங்கே நோக்கு."

ஈறும் பல்லும் சேரும் இடத்தில், பென்சிலால் இழுத்ததுபோல ஒரு நீலக் கோடு.

"என்ன ஜோலி செய்யுது இவங்க?"

"பேட்டரிக் கடைங்க டாக்டர்."

"இத்தனை நாள் மிக்சர் கொடுத்தல்லோ. ஒரு பிராவசியம் வாய் திறந்து நோக்கியோ?"

இல்லை என்று தலையாட்டினேன். ஒருமுறைகூட இல்லை.

ஈயம் உடம்பில் ஏறியிருக்கிறது, அந்த வேலையை இன்றோடு விட வேண்டும், விடாவிட்டால் இரண்டு கையும் போகும், பிறகு சிறுநீரகம் போகும் என்று டாக்டர் சொன்னார். மதுரைக்கோ கோட்டயத்துக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதினார். விவரமாக எடுத்துச் சொல்லும்படி என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பினார். போவதற்குமுன் தன் தடித்த புத்தகத்தில் ஒரு பக்கத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தில் எல்லாம் இருந்தது. வயிற்றுவலி, மணிக்கட்டு. ஈய வேலை செய்யும் பெண்களுக்குக் கரு தங்காது என்பதும்.

இரண்டு நாள் கழித்து மதியம், கூட்டம் கலைந்த நேரத்தில் அக்கா வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். அது எப்படி உடம்புக்குள் போகிறது என்று கேட்டார்.

"புகையில போகுமுங்க. அந்தச் செவப்புப் பொடி மூச்சுல போகுமுங்க. கை கழுவாம சோறு தின்னா அதுலயும் போகுமுங்க."

"போனது வெளிய வராதா?"

"ரொம்ப மெதுவாத்தானுங்க வரும். எலும்புல போயித் தங்கிக்கும்."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

"அந்த மூணும் இதுனாலதானா?"

"அதெல்லாம் இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது" என்றேன் அவசரமாக.

என்னையே பார்த்தார். "ஒரு 'ங்க'கூடப் போடலயே தம்பி" என்றார்.

நான் மேசையிலிருந்த புட்டிகளை அடுக்க ஆரம்பித்தேன். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழுதால் என்ன செய்வது என்று பயந்தேன். அவர் அழவில்லை. குரலும் மாறவில்லை.

"வயித்துல நாலு மாசம். இப்ப விட்டா அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

முதலில் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. அவர் கேட்டது இளையவளைப் பற்றி. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பெண் முற்றத்தில் பழைய தட்டுகளைச் சுரண்டுகிறாள், மாவு பிசைகிறாள். அவளுடைய உள்ளங்கை மருதாணி வைத்ததுபோலச் சிவந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"இப்பவே நிறுத்திட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா இப்பவே நிறுத்தோணுமுங்க. அந்த ஊட்டுலயே இருக்கக் கூடாதுங்க, புகை உள்ள வருதுங்களே."

இந்தத் தடவை நான் எல்லாவற்றுக்கும் போட்டிருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார்.

கணவரிடம் நானே போய்ப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எங்கப்பா நாப்பது வருசம் மதுரையில இதே ஈயத்தக் காச்சுனவரு தம்பி. எழுவது வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு. டாக்டருங்க எதயாச்சும் சொல்லுவாக. ரெண்டு பேரையும் நல்லா சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்றேன்" என்றார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஏலக்காய்ப் பருவம் தொடங்கியிருந்தது. ஜீப்புகள் நிற்காமல் ஓடும் மாதங்கள். கடை வாசலில் பேட்டரிகள் இரண்டு வரிசையாகக் காத்திருந்தன.

அந்த வாரச் சந்தையன்று நான் எதிர்க்கடையில் நின்றிருந்தேன். சத்தம் கேட்டது. அக்காவின் குரல்தான் என்று தெரிய எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. அந்தக் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இளையவளின் டிரங்குப் பெட்டி ரோட்டில் வந்து விழுந்தது. திறந்துகொண்டு புடவைகள் சேற்றில் பரவின. அந்தப் பெண் வாசற்படியில் நின்று அழுதாள்.

"இன்னைக்கோட போயிரு. என் வீட்டுல நீ இருக்கக் கூடாது. நீ இருந்தா நான் இருக்க மாட்டேன்."

"நான் என்னக்கா பண்ணேன்? சொல்லிட்டாச்சும் அனுப்புங்க."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. போடி."

அவள் உள்ளே போகத் திரும்பியபோது அக்கா கையை வீசி அடித்தார். தோளிலா கன்னத்திலா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. சந்தைக் கூட்டம் முழுக்க நின்று பார்த்தது. யாரோ ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். "பெத்துப் பாத்திருந்தாத் தெரியும்" என்று ஒருத்தி சொன்னாள். அக்கா அவள் பக்கம் திரும்பவில்லை.

கணவர் மாலையில் வந்து பார்த்தபோது இளையவள் பக்கத்துத் தொழிலாளர் லைனில் ஒரு வீட்டில் படுத்திருந்தாள். மறுநாள் போடியிலிருந்து அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். மாமனிடம் ஒன்றுமே பேசவில்லை. தங்கையை ஏற்றிக்கொண்டார்கள். மூத்த அண்ணன் மட்டும் கடைக்கு நேராக நின்று, "அந்தப் பொம்பள உசுரோட இருக்கிற வரைக்கும் எந் தங்கச்சி இந்த மலைய மிதிக்காது" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான். அக்கா உள்ளே குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அடுத்த நாள் போனேன்.

"ஏனுங்கக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? வெவரத்தச் சொல்லி அனுப்பியிருக்கலாமுங்களே."

"சொன்னா நம்புவாகளா? நம்புனாலும் பத்து நாள். வேல குமிஞ்சிரும், இவுக போயிக் கூட்டிட்டு வந்துருவாக. அவளும் வந்துருவா, வெள்ளந்தி. அடிச்சு வெரட்டுனாத்தான் அவ அண்ணன்க அனுப்ப மாட்டானுக."

அக்கா கைவேலையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் இருக்கிற வரைக்கும் நீங்க யாருகிட்டயும் சொல்லக் கூடாது. தெரிஞ்சா பாவப்பட்டு வந்துருவா."

"ஊரே உங்களப் பேசுதுங்களே அக்கா."

"பேசட்டும். கேக்கத்தான் செய்யுது. வலிக்கல."

அவர் அப்படிச் சொன்னபோது அது மனதைப் பற்றியா, மரத்துப்போன உடம்பைப் பற்றியா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. ஒன்பது நாள் குழந்தையைப் புதைத்துவிட்டுப் பதினோராம் நாள் கடையில் வந்து உட்கார்ந்ததில் அவர் எவ்வளவு, எலும்புக்குள் தங்கிவிட்ட ஈயம் எவ்வளவு?

நீங்களாவது நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கெஞ்சினேன். நிறுத்தவில்லை. தான் நிறுத்தினால் முற்றத்துக்கு ஆள் தேவைப்படும், கணவர் போடிக்கு நடையாய் நடந்து எப்படியாவது சமாதானம் பேசிவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தார். கணவரும் மூன்று முறை போய்விட்டு வந்தார். மூன்று முறையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறை அவர் கிளம்பிய அன்றும் அக்கா இரண்டு ஆள் வேலையைச் செய்தார். வலது கை துவண்டபின் கரண்டிப் பிடியை மணிக்கட்டோடு துணியால் கட்டிக்கொண்டு ஈயம் ஊற்றினார். குழாய்த் தண்ணீருக்கு அவர் குடம் வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடங்களை நகர்த்திக்கொண்டார்கள். நான் டாக்டரிடம் கேட்டு வாங்கிய மாத்திரைகளைக் கொடுத்தேன். அதே முற்றத்தில் நின்றுகொண்டு விழுங்கும் மாத்திரை என்ன செய்யும் என்று டாக்டரும் சொன்னார், எனக்கும் தெரியும்.

ஐந்து மாதம் அப்படிப் போயிற்று. ஒருநாள் போடி பஸ் டிரைவர் சேதி கொண்டுவந்தார். பெண் குழந்தை, இருவரும் நலம். நான் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு வளைவுவரை நடந்து போய் அக்காவிடம் சொன்னேன். மறுநாள் முற்றத்தில் புகை இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கணவர் தட்டுகளை மதுரையிலிருந்து புதிதாக வாங்கிவர ஆரம்பித்தார்.

அதற்குள் இரண்டு கைகளும் போய்விட்டிருந்தன. கால் வீங்கியது. கணவர்தான் சோறு ஊட்டினார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த மழைக்காலத்தில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு நாள் கழித்து அந்த லாரி டிரைவர் வந்து, "முடிஞ்சுருச்சு கம்பவுண்டரே" என்றார். நான் அப்போது குளோரோகுவின் மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாதென்று கட்டி முடித்துவிட்டுத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அப்புறமும் ஒன்றும் தோன்றவில்லை. வரிசையில் நின்ற அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அண்ணன்மார் சொன்னபடியே அவர் இறந்த பிறகு இளையவள் மலைக்குத் திரும்பி வந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசி போட வந்தாள். குழந்தை கனமாக, நல்ல நிறமாக இருந்தது. என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடித்து இழுத்தது. நான் அதன் கீழ் உதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தேன். இரண்டு பல் முளைத்திருந்தது. ஈறு சிவப்பாக இருந்தது.

"எதுக்கு வாயப் பாக்குறீக?" என்றாள்.

"சும்மாங்க."

ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டது. அவள் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள். ஊரில் எல்லோரிடமும் சொன்னதைத்தான் என்னிடமும் சொன்னாள். "செத்தவளப் பத்திப் பேசக் கூடாதும்பாக. ஆனா மறக்க முடியலங்க. மாசமா இருந்தவள நடுரோட்டுல அடிச்சா. நீங்களும் நின்னுக்கிட்டிருந்தீக."

"நின்னனுங்க."

"அந்த அடி வலிச்சிருந்தாக்கூட மறந்துருப்பேன். வலிக்கவே இல்ல. ஈ ஓட்டுற மாதிரி ஓட்டுனா. என்னைய ஒரு மனுசியாவே நெனைக்கல."

அக்கா கேட்டது தான் இருக்கும் வரைக்கும்தான். நான் சொன்னேன். டாக்டர் உதட்டை விலக்கிப் பார்த்ததிலிருந்து தொடங்கி, பெஞ்சில் உட்கார்ந்து அவர் கேட்ட கேள்வி, சந்தையன்று நடந்தது, அதற்குப் பிந்திய ஐந்து மாதம் எல்லாவற்றையும் சொன்னேன். என் ஒன்றரை வருட மிக்சரையும் சொன்னேன்.  அவள் தட்டிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது. குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டது.

"அன்னைக்கே கை முடியலையா அவளுக்கு?"

"முடியலீங்க. மணிக்கட்டு நிக்காதுங்க. ஓங்குன மாதிரிதான் இருக்கும், பெலம் இருக்காதுங்க."

வெளியே பூப்பாறை ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அவளுக்காகத்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

"புள்ள பொறந்த சேதி தெரியுமா?"

"நானேதானுங்க போயிச் சொன்னேன்."

"என்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. பொறந்ததும் அழுதுச்சான்னு மட்டும் கேட்டாங்க. எனக்கு அது தெரியலீங்க. பஸ் டிரைவர் அதச் சொல்லலீங்க."

ஜீப் இன்னொரு முறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. இளையவள் காலியாயிருந்த பெஞ்சின் அடுத்த முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதுச்சு" என்றாள். "நல்லாச் சத்தமா அழுதுச்சு."